ஆகக் கிட்ட விழுந்த பந்து

அவ குடை வாங்கின விதத்தைச் சொன்னால் ஆளைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி.

வெள்ளவத்தையில ஒரு கடை. எல்லாரும் குடையைக் கடைக்குள்ளேயே விரிச்சு, மடக்கி, வாங்கிக்கொண்டு போவாங்க. அவ குடையோட படியிறங்கி நேரே கடல் பக்கம் நடந்தா. கடைக்காரர் பின்னால ஓடினார். அவருக்குப் பின்னால நான். கடலோரம் போய்க் காற்றுக்கு எதிரா விரிச்சா. குடை மடங்கி வானத்தைப் பார்த்தது. கடைக்காரரிடம் நீட்டினா.

"கடைக்குள்ள விரிச்சுப் பாத்து என்ன செய்யிறது? அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

வேற ஒன்று கொண்டுவரச் சொன்னா. அதுவும் மடங்கிச்சு. அடுத்தது நின்றது. அதை வாங்கினா. நிறம் என்ன என்று அவ பார்க்கவே இல்ல. கடைக்காரர் என் காதில, இந்த அம்மா எப்பவும் இப்பிடித்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். எப்பவும் இப்பிடித்தான்.

எந்தச் சாமானையும் அது மோசமா இருக்கிற நேரத்தில பார்க்கவேணும். ஆளையும் அப்பிடித்தான். நல்ல நேரத்தில பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதை அவ பாடமா யாருக்கும் சொன்னதில்ல. செய்துகொண்டே இருந்தா. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓட்டோக்காரர் ஒருவரை வழமையா வச்சிருந்தா. அவரை எப்பிடிப் பிடிச்சா தெரியுமா? பள்ளிக்கூடம் விடுற நேரம், மழை, காலிக்குப் போற பெரிய வீதி இறுகிப்போய் நிக்குது. அந்த நேரம் பார்த்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஓட்டோவில ஏறிப் போயிருக்கிறா. ஒருத்தர் ஹோர்ன் அடிச்சாராம், ஒருத்தர் பஸ்காரனை ஏசினாராம். ஒருத்தர் மட்டும் என்ஜினை நிப்பாட்டிவிட்டுச் சும்மா பாட்டுக் கேட்டாராம். அந்த ஆளை விடேல்ல.

கலியாணக் கதையும் அப்பிடித்தான். பேச்சு நடந்தபோது மாப்பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். சுகமான பிறகு பெண் பார்க்க வாறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாங்க. இவ தாயைக் கூட்டிக்கொண்டு உடனே போய்ப் பார்த்தா. அந்த மனுசன் கஞ்சியைக் குடிச்சுவிட்டு, கொண்டுவந்து தந்தவரிடம் நன்றி சொன்னாராம். அதுக்குப் பிறகுதான் சம்மதம். நான் வேலைக்குப் போன காலத்தில அவர் இல்ல. படத்தில மட்டும் பார்த்திருக்கிறேன்.

என் வேலையைச் சொல்லவேணும். கோல்ஃப் விளையாடுறவங்களுக்குப் பை தூக்குறது. பந்து எங்க விழுந்தது என்று பார்க்கிறது. எந்தத் தடியால அடிக்கலாம் என்று கேட்டால் சொல்றது. இங்கிலீஷில இதுக்கு ஒரு பேர் இருக்கு. தமிழில எழுதினால் கேடி மாதிரி வருது. அதனால பை தூக்குறவன் என்றே எழுதுறேன். வீடு கொட்டாஞ்சேனையில. வேலை கொழும்புக்குள்ளேயே, பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு இடத்தில.

அவ யாழ்ப்பாணத்து ஆள். ஒரு பேங்கில பெரிய வேலையில இருந்து ஓய்வு பெற்றவ. என்னை நீ என்று சொல்லமாட்டா. நீங்கள் என்றும் இல்ல. நீர். எங்கள் பக்கத்தில யாரும் அப்பிடிக் கதைக்கமாட்டாங்க. முதல் நாள் தூரத்தில இருந்து, "நீர் எங்க?" என்று சத்தமாக் கேட்டா. விளையாட்டில தண்ணியைத்தான் கேக்கிறா என்று நினைச்சுக் கால்வாயைக் கையால காட்டினேன். அவ கால்வாயைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு விளங்கிச்சு. நல்லாச் சிரிச்சா. அதுக்குப் பிறகு பந்து தண்ணிக்குள்ள போனால், "உம்மட்டத்தான் வந்திருக்கு, எடுத்துத் தாரும்" என்பா.

அதே முதல் நாள் ஒரு பந்து வலப்பக்கப் பற்றைக்குள்ள போச்சு. நான் பார்த்தேன். அவ எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, நான் சரியாப் பார்க்கேல்ல, பந்து இடப்பக்கம் போனது என்றா.

"வலப்பக்கம்தான் மேடம். வாங்க, காட்டுறேன்."

வந்தா. பந்து அங்க கிடந்தது. போகும்போது, இனி எப்பவும் நீர்தான் வாரும் என்றா. பந்து வலப்பக்கம் போனது தனக்கும் தெரியும் என்று கன காலத்துக்குப் பிறகுதான் சொன்னா.

வீட்டில மனிசியிடம் சொன்னேன். அவள் அரிசி களைஞ்சுகொண்டே, "உங்களை மாம்பழம் மாதிரி அமத்திப் பார்த்திருக்கிறா" என்றாள். "பழுதில்ல என்று கூடைக்குள்ள போட்டுட்டா. சந்தோசமா இருங்க."

எனக்குக் கோபம் இல்ல. சந்தோசமும் இல்ல. வேலை நிரந்தரமாச்சு.

பிறகு அவவுக்குத் தோள் போச்சு. குளியலறையில வழுக்கி விழுந்து, ஆப்பரேஷன் செய்து, கன மாதம் வரேல்ல. வந்தபோது அடிக்கிற வேகம் பாதி. சின்ன அடிகள் பரவாயில்ல. தூரம் போகிற அடிதான் இல்ல.

எங்கள் இடத்தில ஒரு கால்வாய் குறுக்கால ஓடுது. முதல் அடியில பந்து கால்வாய்க்கு இங்கால வந்து விழும். இரண்டாவது அடியில தாண்டவேணும். முந்தி அவ நினைக்காமலே தாண்டுவா. இப்ப பந்து எழும்பாமல் தாழப் பறந்து, வலப்பக்கம் வளைஞ்சு, தண்ணிக்குள்ள போகும். ஒவ்வொரு முறையும்.

அவவுக்கு ஒரு சோடி இருந்தது. டொக்டர். சிங்களவங்க, நல்ல மனுசி. இரண்டு பேரும் ஒரு சோடியா வருசா வருசம் இன்னொரு கிளப்போட நடக்கிற போட்டிக்குப் போவாங்க. அவவுக்கு அந்தப் போட்டிதான் தீபாவளியும் பொங்கலும். அந்த வருசம் டொக்டர் ஒரு சின்ன மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினாங்க. கொள்ளுப்பிட்டியில வக்கீல் கந்தோரில வேலை செய்யிற தமிழ்ப் பிள்ளை. சும்மா பழகட்டும் என்றாங்க. சும்மா இல்ல என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும். கால்வாய் தாண்டாட்டி அந்த இடம் அவவுக்கு இல்ல.

டொக்டர் பூப்போலத்தான் சொன்னாங்க. போட்டிக்கு முந்தி ஒரு நாள் மூன்று பேரும் சேர்ந்து விளையாடுவோம், அதுக்குப் பிறகு முடிவெடுப்போம், உன் தோள்தான் எனக்கு முக்கியம் என்று.

அவ என்னிடம் வந்து, "எனக்கு ஒரு புதுக் கட்டை வேணும்" என்றா.

கட்டை என்றால் தலை கொஞ்சம் தடிச்ச தடி. இங்கிலீஷில வுட். முந்தி தலையை மரத்தில செய்தாங்களாம். இப்ப இரும்பு. பேர் மட்டும் மரத்தின் பேர். புல்லில கிடக்கிற பந்தைத் தூரம் அனுப்ப அதுதான் வேணும். அதில இரண்டு வகை. ஒன்று தலையும் தடியும் ஒட்டிப்போனது. மற்றது கழுத்தில ஒரு திருகு வச்சது. சாவி போட்டுக் கழற்றி, திருப்பிப் பூட்டலாம். ஒரு பக்கம் திருப்பினால் பந்தில படுற முகம் மேல பார்க்கும், பந்து உயரும். மற்றப் பக்கம் திருப்பினால் தாழும். மேல பார்க்கத் திருப்பினால் முகம் கொஞ்சம் உள்ளுக்கும் மூடும். வலப்பக்கம் வளையிற பந்துக்கு அது நல்லம்.

நான் ஒட்டினதை வாங்கச் சொன்னேன். திருகு இருந்தால் தளரும். கழுத்தும் கனம். ஒட்டினது தூரமும் போகும்.

"பாப்பம்" என்றா.

கோல்ஃப் சாமான் கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, கிராண்ட்பாஸ் ஆள். கடைக்குள்ள வலை கட்டி வச்சிருக்கிறார், அதுக்குள்ள அடிச்சுப் பார்க்கலாம். அவ வலையைத் திரும்பியும் பார்க்கேல்ல. திருகு வச்ச கட்டையைக் கையில எடுத்து, "இதின்ர மோசம் என்ன?" என்று கேட்டா.

நானா சிரிச்சுக்கொண்டு, மோசம் ஒன்றுமே இல்ல மேடம், புது மொடல் என்றார்.

அவ கட்டையை இருந்த இடத்தில வச்சா. "மோசம் இல்லாத சாமான் எனக்கு வேண்டாம். வாரும், போவம்."

நான் பையைத் தூக்கினேன். நானாவுக்கு வியாபாரம் போகப்போகுது. வாசல்ல வந்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். கழுத்து ஒரு சொட்டுக் கனம். சாவி டக் என்று சொல்லும்வரை இறுக்காட்டி ஆடும். இன்னொன்று இருக்கு. வாங்கினவங்க சும்மா இருக்கமாட்டாங்க, கிழமைக்குக் கிழமை திருப்பித் திருப்பி, கடைசியில தாங்கள் அடிக்கிற அடியையே மறந்துபோவாங்க.

"அதுதான் கதை" என்றா. "இப்ப இரண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு வாங்கோ, புல்லில அடிச்சுப் பாப்பம்." எத்தனை மணிக்கு என்று நானா கேட்டார். மத்தியானம் என்றா. வெயில் கொதிக்குமே, காலையில வாங்க மேடம் என்றார். காலையில எனக்கு வேலை இருக்கு என்றா.

என்ன வேலை? காலையில வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்து போய், நடந்து வந்து, தோளுக்குப் பயிற்சி செய்யிற இடத்துக்குப் போய், அங்க அவங்கள் கையை முறுக்கி எடுத்த பிறகு, சாப்பிடாமல் நேரே வந்தா. முகம் கறுத்துப்போய் இருந்தது. இருந்து கொஞ்சம் களை ஆறச் சொன்னேன். மாட்டேன் என்றா. களைச்சுப்போய் அடிக்கத்தான் வந்தனான் என்றா.

பழகுற இடத்தில பச்சைப் பாய் விரிச்சிருக்கும். பந்தை அதில வச்சு அடிக்கலாம். பாயில பந்துக்குப் பின்னால அடிச்சாலும் தடி வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். பிழை தெரியாது. அவ பாயைக் காலால தள்ளிவிட்டு, புல்லுத் தேய்ஞ்ச ஒரு மண்தரையில பந்தை வச்சா. நானா கண்ணை மூடினார். புதுக் கட்டை கீறுப்படப் போகுது.

என்னை முன்னுக்குப் போய் நிக்கச் சொன்னா. "நல்லது எங்க விழுகுது எண்டு எனக்குத் தேவையில்லை. எனக்கு ஆகக் கிட்ட விழுறதைப் பாத்துச் சொல்லும்."

முதல்ல ஒட்டினது. ஒன்று அழகாப் போச்சு. சத்தமே இனிப்பா இருந்தது. நானா அங்க நின்று கையைத் தூக்கிக் காட்டினார். ஆகக் கிட்ட விழுந்த பந்து இருந்த இடத்தை நான் நடந்து அளந்தேன். கால்வாயாய் இருந்தால் தண்ணிக்குள்ள.

அடுத்தது திருகு வச்சது. முதலில கடையில இருந்தபடியே. தாழப் போச்சு. பிறகு நானாவிடம் கொடுத்து, முகம் மேல பார்க்கத் திருப்பச் சொன்னா. டக் என்று கேட்டது. அடிச்சா. ஆக நல்லா அடிபட்ட பந்தும் ஒட்டின கட்டையின் நல்ல பந்தைவிடக் கிட்டத்தான் விழுந்தது. ஆனால் மோசமா அடிபட்டதும் எழும்பிப் போச்சு. ஆகக் கிட்ட விழுந்ததை அளந்தேன். கால்வாய்க்கு அங்கால.

திரும்பி வந்து சொன்னேன். தூரம் வேணுமென்றால் ஒட்டினது, தாண்டவேணுமென்றால் இது.

"அப்ப இதுதான்."

நானா, முகம் மேல பார்க்கிற ஒட்டின கட்டையும் தன்னிடம் இருக்கு, அது கனம் குறைவு என்றார். இவ்வளவு நேரம் வெயிலில நின்றும் நேர்மையா இருக்கிற ஆள் என்று அவவுக்குப் பிடிச்சுப்போச்சு. அதனால மறுமொழி சொன்னா.

"என்ர தோள் இண்டைக்கு ஒரு மாதிரி, அடுத்த மாதம் இன்னொரு மாதிரி. சுகம் வந்தால் இறக்குவன். நோ கூடினால் இன்னும் ஏத்துவன். தோளைத் திருப்ப ஏலாது. கட்டையைத் திருப்பலாம்."

சாவியை என்னிடம் தந்தா. தான் கேட்டாலும் மாதம் முடியும்வரை தரவேண்டாம் என்றா. விளையாட்டுத் தொடங்கின பிறகு திருகை மாத்தி அடிச்சால் ஆளையே வெளியில போடுவாங்கள், அது சட்டம். அவ கேக்கவும் இல்ல, நான் கொடுக்கவும் இல்ல.

மூன்று பேரும் விளையாடின நாள் வந்தது. காலையிலிருந்து அந்தக் கட்டை அவவின் கையில சொன்னபடி கேட்டது. எனக்குப் பயமே இல்ல. கால்வாய்க்கு வந்தோம். பந்து நல்ல புல்லில இருந்தது. காற்றும் இல்ல. அவ நின்று அடிச்சா. மொத்தென்று ஒரு சத்தம். முதல்ல மண், பிறகு பந்து. நேரே தண்ணி.

அடிக்கிற நேரம் அவ தோள் இறங்கினதை நான் பார்த்தேன். நோவில இறங்கேல்ல.

டொக்டர், "பரவாயில்ல, பரவாயில்ல, உன்னை வருத்தாதே" என்று சிங்களத்தில சொல்லி அவவின் முதுகைத் தடவினாங்க. பிறகு தன் பந்தை அடிச்சுவிட்டுப் பாலத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாங்க. போகும்போது சின்ன மிஸ்ஸிடம் போட்டிக்கு நீ ஆயத்தமா இரு என்று மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. அவவுக்கும் கேட்டிருக்கும்.

சின்ன மிஸ் நகரேல்ல.

"அன்ரி, மண்ணைத்தான் முதல்ல அடிச்சீங்க. கட்டையில பிழை இல்ல. இன்னொண்டு அடிங்க, நான் நிக்கிறேன்."

"தாண்டினால் உம்மட இடம் போயிடும், பிள்ளை."

"போனால் போகட்டும். அடிங்க அன்ரி, வெயில் சுடுது."

அவ இன்னொரு பந்தைப் போட்டா. அடிச்சா. உயரமா எழும்பி, கால்வாயைத் தாண்டி, அங்கால புல்லில இருந்தது. பாலத்தில நின்ற டொக்டர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினாங்க.

பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில நடந்தேன். கேக்காமல் இருக்க முடியல்ல.

"வேணுமென்றா தண்ணிக்குள்ள போட்டீங்க மேடம்?"

"ஓம்."

"இடம் போயிருக்குமே."

"கட்டை தாண்டும் எண்டு எனக்குத் தெரியும். ஆரோட நிக்கப்போறன் எண்டதுதான் தெரியாமல் இருந்தது."

விளையாட்டு முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கும்போது டொக்டர், அப்ப வழமைபோல நாங்கள் இரண்டு பேரும்தான் என்று சந்தோசமாச் சொன்னாங்க. அவ இல்ல என்றா. சத்தம் போடாமல், சிரிச்ச முகத்தோட. தான் சின்ன மிஸ்ஸோட சேர்ந்து போக விரும்புறதாச் சொன்னா. டொக்டர் கோப்பையை மேசையில வச்சாங்க. பிறகு டொக்டர், உன் இஷ்டம் என்றாங்க.

எனக்கு அது சரியாப் படேல்ல. தோள் உடைஞ்சு கிடந்தபோது ஆஸ்பத்திரியில ஒவ்வொரு நாளும் வந்து நின்றது டொக்டர். ஆப்பரேஷனுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தது டொக்டர். அதைவிட மோசமான நேரம் என்ன இருக்கு? வாகனத்தில பையை ஏத்தும்போது அதைச் சொன்னேன். அவவிடம் நான் அப்பிடிக் கதைச்சது அந்த ஒரு முறைதான்.

அவ கோபப்படேல்ல.

"அவ வந்தது நோயாளியைப் பாக்க. நல்லாப் பாத்தவ. இப்பவும் நோயாளியாத்தான் பாக்கிறா. நான் விளையாட வந்தனான்."

டொக்டரோட சிநேகம் முறியேல்ல. கொஞ்ச நாள் ஆறிப்போய் இருந்து, பிறகு பழையபடி வீட்டுக்கு வந்து போனாங்க. விளையாட்டு மட்டும் வேற ஆளோட. டொக்டரும் வேறொரு சோடி பிடிச்சு அதே போட்டிக்குப் போனாங்க.

போட்டி அன்று அவவின் தோள் நோ. கடற்காற்று முகத்துக்கு நேரே அடிச்சது. அந்தக் கிளப்பில கால்வாய் இல்ல, குளம். அகலம் எங்கள் கால்வாய் அளவுதான். கட்டையை எடுத்தா. நல்லா அடிபடேல்ல, கட்டைத் தலையின் நுனியில பட்டது, கேட்டவுடனே எனக்கு விளங்கிச்சு. வேணுமென்று அடிச்சதும் இல்ல. பந்து எழும்பிச்சு. குளத்துக்கு மேல போகப் போகத் தேய்ஞ்சு, அந்தக் கரையில விழுந்து, ஒருக்கா உருண்டு நின்றது.

"ஆகக் கிட்ட" என்றேன்.

"ஓம். ஆகக் கிட்ட" என்றா.

அவ அன்று ஒரு பந்தும் தண்ணிக்குக் கொடுக்கேல்ல. ஆனால் கடைசிக் குழியில சின்ன மிஸ் தவறவிட்டா. கை நீட்டினால் தொடுற தூரம். குழி விளிம்பைச் சுற்றிக்கொண்டு பந்து வெளியில வந்தது. அந்த ஒரு அடியில தோத்தோம். சனம் ஐயோ என்றது.

நான் அவவைத்தான் பார்த்தேன். அவ சின்ன மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றா. கண் வெட்டேல்ல.

சின்ன மிஸ் பந்தை எடுத்தா. வென்றவங்களிடம் போய்க் கை கொடுத்தா. பந்து சுத்தின விதத்தைக் கையால காட்டி அவங்களையும் சிரிக்க வச்சா. பிறகு இங்க வந்து, என்னாலதான் போச்சு அன்ரி என்றா. காற்றைச் சொல்லேல்ல, புல்லைச் சொல்லேல்ல. சாப்பாடு எப்ப தருவாங்க, பசிக்குது என்று கேட்டா. போய்த் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு வந்து இருந்து சாப்பிட்டா.

அவ அதை முழுக்கப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா. வென்றிருந்தாலும் அவவின் முகம் அவ்வளவு நிறைஞ்சிருக்காது.

"பாத்தீரோ?" என்றா. "அடுத்த வருசமும் இவள்தான்."